சனிக்கிழமை சார்ஜ்

ஜூன் 7, 2025 – சனி

எங்கள் வீட்டில் சனிக்கிழமை ஜெபமாலைக்கு முன்னால் இன்னொரு வழிபாடு நடக்கிறது. என் வீட்டுக்காரர் எட்வின் ஜன்னல் வழியாக ஒயரை இழுத்து, காரில் செருகி, திரையில் நூறு சதவீதம் என்று வைத்துவிட்டு வந்தால்தான் முழங்கால் போடுவார். ஞாயிறு பூசைக்கு மலையிறங்கிக் கள்ளக்குறிச்சி போக வேண்டும் இல்லையா, அதற்கு. வாரம் ஒரு தடவை முழுசாக ஏற்ற வேண்டும் என்று கண்ணாடிக்காரர் சொல்லியிருக்கிறாராம்.

கண்ணாடிக்காரர் என்பது நான் வைத்த பெயர். எட்வினுக்கு அவர் 'சார்'. சென்னையில் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் பெரிய கண்ணாடி போட்டு உட்கார்ந்து யூடியூபில் அறிவியல் பேசுகிறவர். போன வாரம் கருந்துளை, அதற்கு முன்னால் மீன் மாத்திரை, இப்போது எலக்ட்ரிக் கார். எல்லாவற்றுக்கும் ஒரே சிரிப்பு. பாதி வீடியோவில் மெட்ரோ ரயிலில் போய்க்கொண்டிருக்கிறார். கார் ஓட்டி நான் பார்த்ததே இல்லை.

ஜூன் 8

மலையிறங்கும்போது வண்டிக்குள் கருகின வாசம். கோமுகி அணை கண்ணில் படும் வளைவில் நன்றாகவே அடித்தது. சொன்னேன்.

"புது வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும். எலக்ட்ரிக் வண்டில பிரேக் கட்டை தேயவே தேயாதுன்னு சாரே சொல்லிக்கிறாரு."

தேயாததற்கு ஏன் வாசம் வருகிறது? கேட்டால் சண்டை. பின் சீட்டில் மகள் பிரின்சி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள்.

ஜூன் 15

மறுபடி அதே வாசம். பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. திரும்பி வருகிற நினைப்பில்லை, அடுத்த வாரம் இறங்குகிற நினைப்புதான்.

ஜூன் 22

நேற்று சாயந்தரம் மழை, வெள்ளிமலை முழுக்கக் கரண்ட் இல்லை. பாதி சார்ஜோடுதான் கிளம்பினோம். எட்வின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, துக்க வீட்டுக்குப் போகிறவர் மாதிரி.

ஆனால் வண்டி இன்றைக்குத்தான் வண்டியாக இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இறக்கத்தில் தானாக அடங்கியது. திரையில் ஒரு பச்சைக் கோடு நீண்டு நீண்டு வந்தது. இறங்குகிற வேகத்தைக் கரண்டாக மாற்றி பேட்டரிக்குள் அனுப்புகிறதாம் அது. மற்ற ஞாயிறுகளில் அந்தக் கோடு செத்துக் கிடந்ததை நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வாசம் துளிகூட இல்லை.

வீட்டுக்கு வந்து சொன்னேன். நிரம்பின குடத்தில் மேலே தண்ணீர் ஊற்றினால் உள்ளே போகுமா? நூறு ஏறின பேட்டரி, வருகிற கரண்டை எங்கே வைத்துக்கொள்ளும்? அது வாங்காததால் வண்டி தானாக அடங்கவில்லை, மொத்தப் பாரமும் பிரேக் தலையில் விழுகிறது. சனிக்கிழமை எழுபதோடு நிறுத்துங்கள், அவ்வளவுதான்.

எட்வின் சிரித்தார். "அப்டேட் வந்துச்சுல்ல, அதான் இன்னிக்கு நல்லா ஓடுச்சு. நீ கணக்கு டீச்சர், கணக்க பாரு."

ஜூலை 6

பூசை முடிந்து நைனார்பாளையம், மாமியார் வீடு. கோழிக்குழம்பு. சாப்பிடும்போது எட்வினின் தம்பி ஆல்பின் வண்டியைப் பற்றிக் கேட்டார். சரி, ஆல்பின் லோடு வண்டி ஓட்டுகிறவர், பிரேக் பற்றித் தெரியும், இங்கேயாவது சொல்வோமே என்று வாயைத் திறந்தேன். அதுதான் என் புத்தி.

எட்வின் முடிக்க விடவில்லை. "எறங்கறப்ப கரண்டு எங்க போவுதுன்னு இவளுக்குக் கவலை. மூணு லட்சம் பேரு சார நம்பறான். அவனுங்கெல்லாம் முட்டாளு, இவ மட்டும் விஞ்ஞானி."

எல்லோரும் சிரித்தார்கள். மாமியார் ஆனந்தமேரி எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றிக்கொண்டே, "ஆம்பள வண்டி ஓட்றப்ப பக்கத்துல உக்காந்து எதுனா சொல்லிக்கினே வராத அனிட்டா. அவனுக்குக் கவனம் செதறும்" என்றார்.

இலையை மடக்கிவிட்டு எழுந்துவிட்டேன். மூணு லட்சம் பேர்! அதில் எத்தனை பேர் வெள்ளிமலையில் சார்ஜ் போட்டுவிட்டுக் காலங்காத்தால கீழே இறங்குகிறான்? ஒருத்தன் இருப்பானா? சமவெளியில் இருக்கிறவனுக்குச் சொன்னதை மலை உச்சியில் வைத்துக்கொண்டு கும்பிடுகிறார் இந்த மனுஷன்.

ஜூலை 20

 நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன்.

மாமியார் ஒரு வாரம் எங்களோடு வந்து இருந்தார். இன்று அவரையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். நாலு பேர், பை, பலாப்பழம், நூறு சதவீதம். ரோடு ஈரம். பாதி மலை வருவதற்குள் வாசம் வந்துவிட்டது. நான் பேசவில்லை. சத்தியமாக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஒரு வளைவில் எட்வின் பிரேக்கை மிதித்தார். வண்டி கேட்கவில்லை. மறுபடி மிதித்தார், சீட்டை விட்டு எழும்பி மிதித்தார். எதிரே பஸ் ஏறி வருகிறது. ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தார். ஓரத்து வாய்க்காலில் முன் சக்கரம் இறங்கி வண்டி நின்றது. அந்தப் பக்கம் ஒடித்திருந்தால் பள்ளம். மாமியாருக்கு நெற்றி வீங்கிவிட்டது. பிரின்சி அழவே இல்லை, என் துப்பட்டாவைப் பிடித்தவள் விடவும் இல்லை. சக்கரத்திலிருந்து புகை.

பஸ் கண்டக்டர் இறங்கி வந்து, "இன்னா சார், பிரேக் புடிக்கலியா?" என்று கேட்டார்.

எட்வின் என்னைக் காட்டினார். "இவ மூஞ்ச தூக்கி வச்சிக்கினு வந்தா. அந்த டென்சன்ல எப்பிடிங்க ஓட்றது?"

பேசினாலும் குத்தம். பேசலன்னாலும் குத்தம். எம் புள்ள பின்னால உக்காந்துக்கினு இருக்குது, இவருக்கு என் மூஞ்சிதான் குத்தம். ச்சீ.

ஜூலை 21

கள்ளக்குறிச்சி மெக்கானிக் பிரேக்கை மாற்றிக் கொடுத்தார். "தொடர்ந்து மிதிச்சி சூடேறிடுச்சி சார்" என்று மட்டும் சொன்னாராம். எட்வின் அதை மழையின் கணக்கில் எழுதிவிட்டார்.

பள்ளியில் இடைவேளையில் போனை எடுத்து கண்ணாடிக்காரரின் வீடியோவுக்குக் கீழே எழுதினேன். பச்சைக் கோடு, வாசம், கரண்ட் இல்லாத சனிக்கிழமை, நிரம்பின குடம், வாய்க்கால், எல்லாம். என் பெயரைப் போடவில்லை. வெள்ளிமலைவாசி என்று போட்டேன். அனிட்டா என்று இருந்தால் எட்வின் அதைத் தாண்டிப் போய்விடுவார்.

அந்தாளிடம் போய்க் கேட்கும்படி ஆகிவிட்டதே. நினைத்தாலே எரிகிறது.

ஜூலை 27

நானும் பிரின்சியும் பஸ்ஸில் பூசைக்குப் போனோம். எட்வின் நூறு சதவீதத்தோடு தனியாக வந்தார். கோவிலில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். பக்கத்தில் இருப்பவருக்குச் சமாதானம் சொல்லும் நேரத்தில் நான் பின் பெஞ்சுக்காரர் பக்கம் திரும்பிக் கும்பிட்டேன்.

ஆகஸ்ட் 3

எட்வின் போனைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தார். "அனிட்டா, இதப் பாரு! மலை உச்சில நூறு ஏத்தவே கூடாதாம்! பேட்டரி வாங்காதாம், பிரேக்கே புடிக்காம போயிடுமாம்!"

பார்த்தேன். கண்ணாடிக்காரர் இந்த முறை சிரிக்கவில்லை. 'நான் மலையில் வண்டி ஓட்டியதே இல்லை. வெள்ளிமலையிலிருந்து ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். இன்ஜினியர்களிடம் விசாரித்தேன், அவர் சொல்வது சரி. என் வீடியோவில் இதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. நிரம்பின குடம் என்று அவர் சொன்னதைவிட எனக்கு நன்றாகச் சொல்லத் தெரியவில்லை' என்றார்.

"நம்ம வெள்ளிமலையிலயே எவ்ளோ விவரமான ஆளு இருக்கான் பாரேன்!" என்றார் எட்வின். "யாரா இருக்கும்?"

குடம் என்ற வார்த்தை காதில் விழுந்த பிறகும் கேட்கிறார். இந்த அடுப்படியில்தான் சொன்னேன். நான் தோசையைத் திருப்பிப் போட்டேன்.

என் முகமே தெரியாத ஒருத்தர் நாலு வரியைப் படித்துவிட்டு, போய் விசாரித்து, ஊரறியத் தப்பு என்று சொல்கிறார். அவரைத் திட்டக்கூட எனக்கு இனிமேல் வழியில்லை. அந்தக் கோபமும் எட்வின் மேல்தான் வருகிறது.

ஆகஸ்ட் 10

எட்வின் டீக்கடையில் விசாரித்தாராம். வனத்துறை ஆட்களிடம் விசாரித்தாராம். இன்று கண்டுபிடித்துவிட்டாராம்: எங்கள் பள்ளி பிசிக்ஸ் வாத்தியார் பிரவீன்குமார். கேட்டதற்கு அவர் லேசாகச் சிரித்து, "விடுங்க சார், இதெல்லாம் பெரிய விஷயமா" என்றாராம்.

எவ்வளவு அடக்கம் பார் என்று என்னிடம் அவருக்குப் பாராட்டு வேறு.

ஆகஸ்ட் 16 – சனி

பிரவீன்குமாருக்கு எங்கள் வீட்டில் விருந்து. கோழி நான்தான் செய்தேன். சாப்பிட்டுக்கொண்டே அவர் எனக்கு விளக்கினார். "சிம்பிள்தான் மேடம். நெறஞ்ச கொடத்துல தண்ணி ஊத்துனா போவுமா?"

"உங்களுக்குக் கார் இருக்குங்களா சார்?" என்று கேட்டேன்.

"இல்ல மேடம், பைக்குதான்."

"காரே இல்லாம இவ்ளோ விவரம்!" என்று எட்வின் இன்னொரு துண்டை எடுத்து அவர் இலையில் வைத்தார். நான் ரசம் கொண்டுவர உள்ளே போனேன்.

ஆகஸ்ட் 24

சார்ஜ் இப்போது எழுபதோடு நிற்கிறது. திரைக்குப் பக்கத்தில் எட்வின் 'எழுபது' என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டியிருக்கிறார். வாசம் இல்லையாம், பச்சைக் கோடு நன்றாக வருகிறதாம், பிரின்சி சொன்னாள். அவளை அப்பாவோடு காரில் அனுப்பிவிட்டேன். இனி அவளுக்குப் பயமில்லை.

நான் பஸ்ஸில் போனேன்.

"அதான் எல்லாம் சரியாயிடுச்சே, இன்னும் இன்னா பயம் உனக்கு?" என்று கோவில் வாசலில் எட்வின் கேட்டார்.

பயமில்லை என்றேன்.