இருபத்தொன்றுக்கு முன்

ஜாசின், 28.12.2022

அப்பாவுக்கு,

கோயிலில் தாலி கட்டிய நீங்கள் அந்தக் கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை. அம்மா தோட்டத்தில் பிறந்தும் அடையாளக் கார்டு இல்லாதவர். பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான்; அதனால் நீங்கள் குடிமகனாக இருந்தும், என் பிறப்புச் சான்றிதழில் நான் மலேசியக் குடிமகள் இல்லை.

இந்த வருடம் நாட்டில் நடந்ததையெல்லாம் ஓரமாக நின்று பார்த்தேன். கோவிட்டுக்காக மூடிய எல்லையை ஏப்ரலில் திறந்தார்கள். தோழி ஷெர்லீன் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனாள். எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. மே மாதம் குறைந்தபட்சச் சம்பளத்தை உயர்த்தினார்கள். என்னைக் கார்டு இல்லாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளியிடம் நான் அதைக் கேட்க முடியாது. நவம்பரில் பொதுத்தேர்தல். மை வைத்த விரலைக் காட்டியவர்களுக்கு இங்கே ஒரு கடையில் டீ இலவசம்.

“விரலக் காட்டு தங்கச்சி,” என்றார் கடைக்கார அக்கா.

“நான் போடலக்கா.”

“ஒங்களுக்காகத்தானே ஓட்டு வயச பதினெட்டா கொறச்சாங்க. தூங்கிட்டியா லா?”

“ஆமாக்கா, தூங்கிட்டேன்.”

பெப்ரவரியில் எனக்கு இருபத்தொரு வயது ஆகிறது. அதற்குள் தகப்பன் வந்து என் குடியுரிமை மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று முறை வாட்ஸ்அப்பில் எழுதினேன். நீங்கள் படித்ததற்கு நீலக் குறி இருக்கிறது.

ஜொகூரில் என் தம்பிகளுக்கு எல்லாப் பத்திரமும் சரியாக இருக்கும். அவர்கள் அம்மாவுக்கு என்னைத் தெரிய வேண்டாம். அங்கே வர மாட்டேன்.

ஜனவரி ஒன்பது, திங்கட்கிழமை, காலை எட்டரைக்கு இங்கே பதிவு இலாகா வாசலில் நிற்பேன். என்னோடு பேச வேண்டியதில்லை. வந்து கையெழுத்துப் போடுங்கள்.

உங்கள் மூத்த பிள்ளை