மாரிஸுக்கு ஒரு கையெழுத்து

ஹாட்டர்பி
6 பிப்ரவரி 2024

டேய் மால்கம், சௌக்கியமாடா? புது இடுப்பு எப்படி இருக்கு? படி ஏறுறியா, இல்ல இன்னும் உக்காந்து உக்காந்துதான் ஏறுறியா? லீட்ஸ்ல மழை எப்படி? இங்க மூணு வாரமா விடல. மைதானத்துல தண்ணி நிக்குது. போன ஞாயித்துக்கிழமை ஆட்டம் நடக்கல. என் தோட்டத்துல ருபார்ப் செடி மட்டும்தான் சந்தோஷமா இருக்கு.

நீ அனுப்புன பெரிய கவர் வந்துச்சு. தபால்காரன் அதப் பாத்துட்டு, "என்ன நெவில், ராஜா கூப்பிட்டு அனுப்பியிருக்காரா?"ன்னான். "ஆமாம்பா, அவரு ரக்பி டீமுக்கு ஒரு ஆளு குறையுதாம்"னேன்.

ரக்பி லீக்லயே ஆக மேல இருக்குற பட்டம், அதக் குடுக்குற ஒம்பது பேருல நீயும் ஒருத்தன்னு கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிந்துச்சு. நம்ம கூடச் சேத்துல உருண்ட பயதானேன்னு. ஆனா ஒண்ணு கேக்குறேன். ஆறு பேருல ரெண்டு பேர எப்படிடா எடுப்பீங்க? உன் பட்டியல்ல மொத இருக்குறவன் பந்தோட கோட்டத் தாண்டி விழுந்து நானூறு ட்ரை போட்டவனாம். போடட்டும். அவன் ஓரத்துல அக்குள்ல கைய வெச்சுக்கிட்டு நிப்பான், நடுவுல ஆறு பேரு மூக்க ஒடைச்சுக்கிட்டு பந்த எடுத்துக் குடுப்பானுங்க. அந்த மூக்குக்கு யாருடா பட்டம் குடுப்பா? இதையே கிளப்புல டெனிஸ்கிட்ட சொன்னேன். "உன் மூக்குக்குக் குடுக்கணும்னா பட்டமும் கோணலாத்தான் செய்யணும்"ங்கிறான். மூக்குன்னதும் ஞாபகம் வருது, உன் முன்பல்லு செட்ட ஆட்டத்துக்கு முன்னாடி கைக்குட்டையில சுத்தி டிரெயினர்கிட்ட குடுப்பியே, ஒரு நாளு அவரு அத மறந்து பாக்கெட்டோட வீட்டுக்குப் போயிட்டாரு. நாலு நாளு நீ சூப்பு குடிச்ச. எவ்வளவு அமைதியா இருந்துச்சு ஊரு.

சரி. சுத்துனது போதும். ஆறாவது பேரு மாரிஸ் ஹெய்க். கூட ஆடுனவன் ஒருத்தன் "இவன் தகுதியான ஆளு"ன்னு கையெழுத்துப் போடணும், அது நானாயிருக்கணும்னு எழுதியிருக்க. அந்தப் பேர இந்த ஊருல நாப்பது வருஷமா யாரும் வாய்விட்டுச் சொன்னதில்ல. ஏன்னு உனக்கும் தெரியும். கூடப்பொறந்த தம்பி டெனிஸே அவன்கிட்ட பேசுறதில்ல. நான் போட மாட்டேன்.

ருபார்ப் வெட்டுனதும் அனுப்புறேன்.

உன் நெவில்

---

லீட்ஸ்
11 பிப்ரவரி 2024

அன்பு நெவில்,

இடுப்பு பரவாயில்ல. பல்லு விஷயத்த நீ செத்தாலும் மறக்க மாட்டபோல.

நீ கேட்ட கேள்விதான் எங்க ஒம்பது பேருக்கும். ரெண்டு தரம் உக்காந்தோம், ரெண்டு தரமும் சண்டை. ஒருத்தர் ட்ரை கணக்க எடுத்துக்கிட்டு வர்றாரு. ஒருத்தர் "அந்தக் காலத்துச் சேறு வேற, இந்தக் காலத்துப் புல்லு வேற"ங்கிறாரு. ஆனா மாரிஸ் பேரு வந்தப்ப மட்டும் யாரும் எதிர்த்துப் பேசல. நீயும் நானும் கண்ணால பாத்ததுல அவனுக்கு மேல ஒருத்தன் இல்ல. அது உனக்குத் தெரியும்.

கையெழுத்து இல்லாத பேர எடுத்துக்க விதியில இடமில்ல. மார்ச் 22 கடைசி. அவன் பேரு வந்தது நம்ம கிளப்புல ஆடுனதுக்காக, அதுல அவனோட ஆடுனவங்கள்ல உயிரோட இருக்குறது நாம ரெண்டு பேருதான். நான் குழுவுல இருக்கேன், போடக் கூடாது. மிச்சம் நீ.

போன வாரம் வைட்ஹேவன் போய் அவனப் பாத்தேன். நுரையீரல் முழுக்க நிலக்கரித் தூசி. மூக்குல குழாய். விஷயத்தச் சொன்னேன். "யாரு கையெழுத்து?"ன்னான். "நெவில்"னேன். சிரிக்க ஆரம்பிச்சான், அது இருமலாயிருச்சு. அப்புறம், "என் பேர அடிச்சிரு மால்கம், அவனத் தொந்தரவு பண்ணாத"ன்னான். அவ்வளவுதான்.

சுரங்கத் தொழிலாளிங்க ஸ்டிரைக் நடந்த அந்தச் சமயம் நான் ஆஸ்திரேலியாவுல ஆடிக்கிட்டு இருந்தேன். எனக்கு எல்லாம் காதுல விழுந்ததுதான். நீ கண்ணால பாத்தவன். என்ன பாத்தன்னு ஒரு தடவ எனக்கு முழுசா எழுது. அப்புறம் நான் உன்ன நச்சரிக்க மாட்டேன்.

அன்புடன்,
மால்கம்

---

ஹாட்டர்பி
19 பிப்ரவரி 2024

மால்கம்,

கேட்டுட்ட, எழுதுறேன். எழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க, சுரங்கத்துல பேனா தரல.

எம்பத்தி நாலு, நவம்பர் பத்தொம்பது, திங்கக்கிழமை விடிகாலை. ஸ்டிரைக் தொடங்கி எட்டு மாசம் ஓடிருச்சு. வீட்டுல எரிக்க ஒண்ணுமில்ல, என் பொண்டாட்டி படுக்கையறைக் கதவக் கழட்டி அடுப்புல போட்டா. நல்ல கதவு, அவங்கப்பா செஞ்சது. அத விடு. சுரங்க வாசல்ல நாங்க முன்னூறு பேரு. போலீஸ் அதுக்கு மேல. கம்பி வலை அடிச்ச பஸ்ஸு ஒண்ணு வந்துச்சு. அதுவரைக்கும் வெளியூர்க் கருங்காலிங்கதான் வேலைக்குப் போயிருக்கானுங்க, நம்மூர்க்காரன் ஒருத்தன் போனதில்ல. பஸ்ஸு உள்ள போய் நின்னுச்சு. வேலி வழியாப் பாத்தேன். கடைசியா ஒருத்தன் இறங்குனான். கோட்ட ரெண்டு கையாலயும் தூக்கித் தலைக்கு மேல பிடிச்சுக்கிட்டு ஓடுனான், மூஞ்சி தெரியக் கூடாதுன்னு.

மூஞ்சி எனக்கு எதுக்குடா? ஒம்பது வருஷம் நான் தரையில இருந்து பந்த எடுத்துக் குடுப்பேன், மாரிஸ் வாங்கிட்டு ஓடுவான், அவன் முதுகப் பாத்துக்கிட்டே பின்னால ஓடுவேன். வலது தோளு மட்டும் ஒரு எறக்கம் எறங்கும், யாரோ கதவுக்குள்ள குனிஞ்சு நுழையுற மாதிரி. அதே எறக்கம். நான் கத்துனேன். "மாரிஸ்!"னு. முன்னூறு பேருக்கும் கேட்டுச்சு.

அன்னிக்குச் சாயங்காலமே அவன் வீட்டுக் கதவுல கருங்காலின்னு பெயிண்ட்டுல எழுதியாச்சு. டப்பாவப் பிடிச்சவன் நான். அவன் வெளிய வந்து படிச்சுப் பாத்தான். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லல. உள்ள போயிட்டான். அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட வந்தான். ஊரே முதுகக் காட்டி நின்னுச்சு. ரெண்டு ட்ரை போட்டான், ஒத்தக் கையால, அவ்வளவு திமிரு. ஒரு கை தட்டல. கிறிஸ்துமஸுக்குள்ள பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு வைட்ஹேவன் போயிட்டான். தப்புப் பண்ணாதவன் ஏன்டா ஓடுறான்?

டெனிஸ நெனச்சாத்தான் பாவம். அன்னிக்கு அவன் காய்ச்சல்ல படுத்திருந்தான், நல்லவேளை, கண்ணால பாக்கல. மறுநாளு சுரங்க வாசலுக்கு வந்து, நாங்க மூட்டுன நெருப்புப் பக்கத்துல என்கிட்ட நின்னு அழுதான். "எனக்கு அண்ணன் கெடையாது"ன்னான். அன்னியிலிருந்து கடைசி நாள் வரைக்கும் வாசல விட்டு நகரல. மூணு புள்ளைங்கள வெச்சுக்கிட்டு. அவன்டா ஆம்பள. அவனுக்கு ஒரு பட்டம் குடுங்க.

நெவில்

---

லீட்ஸ்
23 பிப்ரவரி 2024

அன்பு நெவில்,

உன் கடிதத்த நாலு தடவ படிச்சேன். இத எப்படி எழுதுறதுன்னு தெரியல, நேராவே எழுதிடுறேன்.

குழுவுக்காக ஒவ்வொருத்தனுக்கும் பழைய காகிதம் எல்லாம் திரட்டுறோம். நம்ம கிளப் டாக்டரோட மக அவரு நோட்டுகள அனுப்பியிருக்காங்க. எம்பத்தி நாலு நவம்பர் பதினெட்டு, ஞாயிறு, ஆட்டம் முடிஞ்சதும் அவரு கையால எழுதியிருக்காரு: "ஹெய்க், மா. இடது தோள் விலகியது. ஏற்றிவிட்டேன். கை மார்புக்கு மேல் எழாது. மூன்று வாரம். அணிக்குள்ளும் சொல்ல வேண்டாம்."

ஏன் சொல்ல வேண்டாம்னு உனக்கு நான் சொல்லத் தேவையில்ல. அடிபட்ட தோள் வெளிய தெரிஞ்சா அடுத்த வாரம் எதிர் டீம்ல பதிமூணு பேரும் அதையே குறிவெச்சு விழுவானுங்க. நாம எல்லாரும் மறைச்சிருக்கோம்.

ஞாயிறு சாயங்காலம் அவன் தோள் விலகியிருக்கு. திங்கக்கிழமை விடியுறப்ப நீ பாத்தவன் ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்கியிருக்கான்.

அதுக்கு அடுத்த ஞாயிறு ஒத்தக் கையால ட்ரை போட்டது திமிரு இல்ல நெவில்.

மால்கம்

---

ஹாட்டர்பி
27 பிப்ரவரி 2024

மால்கம்,

அந்த டாக்டரு குடிப்பாரு. என் வலது முட்டிக்கு இடது முட்டியில ஊசி போட்டவரு. தேதி மாத்தி எழுதியிருப்பாரு.

நாப்பது வருஷம் கழிச்சு ஒரு நோட்டத் தூக்கிக்கிட்டு வந்து என் கண்ணு பொய்யின்னு சொல்ற. நீ அங்க வெயில்ல ஆடிக்கிட்டு இருந்த, நாங்க இங்க கதவ எரிச்சோம்.

உன் கடுதாசிய டெனிஸ்கிட்ட காட்டலாம்னு கிளப்புக்கு எடுத்துட்டுப் போனேன். காட்டல. ஏன்னு கேக்காத.

இனிமே இதப் பத்தி எழுதாத.

நெவில்

---

லீட்ஸ்
13 மார்ச் 2024

நெவில்,

மாரிஸ் போயிட்டான். பிப்ரவரி 29, மத்தியானம். நேத்து அடக்கம். பதினோரு பேரு இருந்தோம். ஹாட்டர்பியிலிருந்து ஒருத்தரும் இல்ல.

முடிஞ்சதும் அவன் பொண்டாட்டி ஐரீன் டீ போட்டுக் குடுத்தா. டாக்டர் நோட்டப் பத்திச் சொன்னேன். அவ ஆச்சரியப்படல. "அது டெனிஸ்"னா. அப்பாகிட்டயிருந்து ரெண்டு பேருக்கும் வந்த தோள் அதுன்னா. டெனிஸ் ஒரே ஒரு நாளு வேலைக்குப் போயிருக்கான். புள்ளைங்க குளிர்ல கெடந்து இருமுறத அவனால தாங்க முடியல. நீ கத்துனது உள்ள ஓடிக்கிட்டிருந்த அவன் காதுலயும் விழுந்திருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் பின்கதவு வழியா வந்து அண்ணன் கால்ல விழுந்திருக்கான். நீ முன்வாசல்ல டப்பாவோட நின்ன நேரம் அவன் உள்ளதான் இருந்திருக்கான்.

"ஏன் சொல்லல?"ன்னு ஐரீனக் கேட்டேன். "டெனிஸுக்கு மூணு புள்ளைங்க, அவன் அந்தத் தெருவுலதான் வாழ்ந்தாகணும். என் வீட்டுக்காரருக்கு ஒரு ஜோடி பூட்ஸு இருந்துச்சு, எந்த ஊருக்கு வேணா போகலாம்னாரு"ன்னா. டெனிஸ் ஒரு கடுதாசியாவது போடுவான்னு ரொம்ப நாள் தபால எதிர்பாத்தாராம். அப்புறம் விட்டுட்டாராம்.

அவளுக்குப் பட்டம் வேண்டாம். எனக்கு வேணும். செத்தவனுக்கும் குடுக்க விதியில இடம் இருக்கு. கையெழுத்து இல்லாமக் குடுக்கத்தான் இடம் இல்ல. அந்தத் தாள்ல "உங்கள் சொந்த வார்த்தையில்"னு ஒரு கட்டம் இருக்கும். பட்டம் குடுக்குற அன்னிக்கு அத மேடையில வாசிப்பாங்க. அதுல நீ என்ன எழுதணும்னு நான் சொல்ல மாட்டேன். 22 கடைசி. இதுக்கு மேல கேக்கவும் மாட்டேன்.

மால்கம்

---

ஹாட்டர்பி
17 மார்ச் 2024, ஞாயிறு

டேய் மால்கம், நல்லாயிருக்கியாடா? நான் சாப்பிடுறேன், நடக்குறேன். இங்க மழை விட்டுருச்சு, இன்னிக்கு மூணு மணிக்கு ஆட்டம் இருக்கு.

உன் கடுதாசி வந்த அன்னிக்குச் சாயங்காலம் கிளப்புக்குப் போனேன். டெனிஸ் எப்பவும் போல உக்காந்திருந்தான். "மாரிஸ் செத்துட்டான்"னேன். "எந்த மாரிஸ்?"னான். பீர எடுத்து ஒரே மடக்குல குடிச்சான். அப்புறம் "இன்னொண்ணு வாங்கிட்டு வாரேன்"னு எந்திரிச்சு கவுண்ட்டருக்குப் போனான். நாப்பது வருஷமா எதிர்க்க உக்காந்து அவன் மூஞ்சியத்தான் பாத்திருக்கேன் மால்கம். அன்னிக்குத்தான் முதுகப் பாத்தேன். கூட்டத்துக்குள்ள வழி பண்ணிக்கிட்டுப் போறான், வலது தோளு எறங்குது. திரும்பி வந்தவன், "என்னடா பேயறைஞ்ச மாதிரி இருக்க, முட்டியா?"ன்னான். ஆமான்னேன்.

கையெழுத்துப் போடாம விட்டுரலாம்னு ரெண்டு நாளு இருந்தேன். செத்தவனுக்கு இனி என்ன, உயிரோட இருக்குறவன எதுக்குக் கொல்லணும்னு. என் பொண்டாட்டி போனப்ப ஆறு மாசம் எனக்குச் சோறாக்கிப் போட்டவன் டெனிஸ். கேவலமாத்தான் சமைப்பான், பட்டாணியக் கரிய விட்டுருவான், ஆனா ஒரு நாளு தவறாது. எனக்கு இந்த ஊருல வேற யாரு இருக்கா? ஆனா அவன் செஞ்சது ஒரு நாளு வேலைக்குப் போனது. பேரச் சொல்லிக் கத்துனவன் நான். டப்பாவப் பிடிச்சவனும் நான். அத யாரு மேல போட?

கையெழுத்துப் போட்டுட்டேன். கட்டத்துல இதத்தான் எழுதியிருக்கேன்: "மாரிஸ் ஹெய்க் கூட ஒம்பது வருஷம் ஆடினேன். அவனுக்கு மேல ஆள் இல்ல. 1984 நவம்பர் 19 அன்னிக்கு நான் அவன் பேரச் சொல்லிக் கத்தினேன். அது அவன் இல்ல. நான் தப்பாப் பாத்தேன்." வேற யாரு பேரும் போடல. போட வேண்டியதும் இல்ல. மேடையில வாசிச்ச மறுநாளே "அப்ப யாரு?"ன்னு ஊரு கேக்கும், அதே தோளு வேற யாருக்கு இருக்குன்னு யோசிக்க இந்த ஊருக்கு ரொம்ப நேரம் ஆகாது.

அதனால டெனிஸ் அத மேடையில யாரோ வாசிச்சுக் கேக்கக் கூடாது. என் வாயால கேக்கணும். இந்த முட்டியோட நான் நடக்க முடியாதுன்னு ஒவ்வொரு ஞாயிறும் அவன்தான் காருல கூட்டிட்டுப் போறான். ஏதாவது தபால் இருந்தா வழியில நிறுத்தி அவனே எறங்கிப் போடுவான். இன்னிக்கு நானே எறங்குவேன்.

இதா, காரு சத்தம் கேக்குது. கதவத் தட்டுறான். "நெவில்! உள்ள என்ன கல்யாணத்துக்கா சோடிச்சுக்கிட்டு இருக்க? ஆட்டம் தொடங்கிரும்டா, வா"ங்கிறான். வாரேன்னு குரல் குடுத்துட்டேன். மொத என்ன வார்த்தை சொல்றதுன்னு காலையிலிருந்து நெனச்சு நெனச்சுப் பாக்குறேன் மால்கம், "உங்க அண்ணன்"னு ஆரம்பிச்சா அவன்... மறுபடியும் தட்டுறான். கவர ஒட்டணும், போறேன்.