ஜெயபாலு ஜீப்பின் ஆயில் முள்

உசுருக்கு உசுரான மாப்ளே ஜெயபாலு,

தங்கச்சி புருஷனை 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. கல்யாணத்தன்று எங்கம்மா என் தொடையில் கிள்ளியே சொன்னாள். ஆனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாக அடி வாங்கியவனை எப்படியடா 'வாங்க' என்பது? நாக்கு வரமாட்டேன் என்கிறது. அதனால் இந்தக் கடுதாசியிலும் நீ 'நீ'தான்.

நீ போய்ச் சேர்ந்து ஏழு மாசம் ஆகிறது. மழை இந்த வருசம் பரவாயில்லை. மேலே மலையில் ஏலக்காய் நன்றாகப் பிடித்திருக்கிறது, ஆள் கிடைக்காமல் எஸ்டேட்காரர்கள் போடி முழுக்க அலைகிறார்கள். தங்கச்சி மாரி தேறிவிட்டாள் என்று பொய் சொல்ல மாட்டேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாள், அதுவரைக்கும் நிம்மதி.

உன் ஜீப்பு வீட்டு வாசலில் தார்ப்பாய் மூடி அப்படியே நின்றது. பின் சீட்டுக்கு அடியில் கோழி முட்டையிட ஆரம்பித்த பிறகு, போன மாசம் மாரி என்னைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"அண்ணே, இத வாசல்ல வச்சுப் பாக்க முடியலண்ணே. காயலான் கடையில போட்டுரு. எஞ்சினுதேன் போச்சுன்னு நீயே சொல்லிட்டேல்ல" என்றாள்.

ஆமாம், நான்தான் சொன்னேன். போன வருசத்துக்கு முந்தின வருசம். மலையேறும்போது ஆயில் பிரஷர் முள் இறங்குகிறது, சிவப்பு விளக்கு எரிகிறது என்று நீ ஜீப்பு ஸ்டாண்டுக்கே என்னை வரச் சொன்னாய். நான் பானெட்டைக்கூட முழுசாகத் தூக்கவில்லை. "பேரிங் தேஞ்சு போச்சு மாப்ளே. ஏத்தத்துல கியரைக் குறைக்காம இழுக்க விட்டா வேற என்ன ஆகும்? நல்ல எஞ்சினக் கெடுத்துட்டியேடா" என்றேன். எல்லா டிரைவர்களும் நின்றார்கள். எஸ்டேட் வேலைக்கு நீ தினமும் ஏற்றிப் போகும் பொம்பளைகளும் தூக்குவாளியோடு நின்றார்கள். எனக்குத்தான் நாலு பேர் இருந்தால் தொண்டை இன்னும் பெரிதாகத் திறக்குமே.

நீ ஒன்று சொன்னாய். "மச்சான், ரேஸ் கொடுக்கக் கொடுக்க முள்ளு கீழ போகுது. ஓரமா நிறுத்திப் பத்து நிமிசம் விட்டா மறுபடி ஏறிருது. அது என்னன்னு பாரு மச்சான்." நான் என்ன சொன்னேன்? "மெக்கானிக்கு நீயா, நானா?" எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய். எஞ்சினைப் பிரித்து வேலை பார்க்க உனக்கு வழியில்லை. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஏலக்காய்க் குடோனுக்கு மூட்டை தூக்கப் போனாய்.

காயலான் கடைக்கு வண்டியை ஓட்டியே கொண்டுபோய் விடலாம் என்று ஒரு பேட்டரி மாட்டினேன். ஆயில் அளவைப் பார்த்தேன், சரியாக இருந்தது. டீசல் கலந்து ஆயில் நீர்த்துப்போன வாடையும் இல்லை. ஸ்டார்ட் செய்தேன். முள் நெட்டுக்குத்தலாக நின்றது. லேசாக ரேஸ் கொடுத்தேன், இறங்கியது. இன்னும் கொடுத்தேன், இன்னும் இறங்கியது.

இங்கேதான் இடித்தது மாப்ளே. பேரிங் தேய்ந்த வண்டியில் ரேஸ் கொடுத்தால் முள் ஏற வேண்டும். இது இறங்குகிறது. மீட்டர் பொய் சொல்கிறதோ என்று, எஞ்சினில் இருந்த ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் என்னுடைய மீட்டரை மாட்டினேன். அதுவும் அதையேதான் காட்டியது. அணைத்துவிட்டு, போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஸ்டார்ட் செய்தேன். முள் நல்லபிள்ளையாக மேலே நின்றது. நீ சொன்னது அப்படியே, ஒரு எழுத்து மாறாமல்.

வண்டியைப் பட்டறைக்குக் கட்டி இழுத்துவந்து, அடியில் படுத்து, ஆயில் தேங்கி நிற்கும் சம்ப்பைக் கழற்றினேன். பம்ப் ஆயிலை உறிஞ்சுகிற வாயில் ஒரு சின்ன சல்லடை இருக்கும். டீ வடிகட்டி மாதிரிதான். அதில் முக்கால்வாசியை ரப்பர் மாதிரியான துணுக்குகள் அடைத்துக் கிடந்தன. கையில் எடுத்து நசுக்கிப் பார்த்தேன். பேஸ்ட். சம்ப் ஒழுகாமல் இருக்க ஓரத்தில் தடவுவோமே, அந்தப் பேஸ்ட்.

தடவியது யார்? நான்.

முள் இறங்க ஆரம்பிக்கும் முன்னால் நடந்தது, உனக்கு ஞாபகம் இருக்கும். எஸ்டேட்டில் காய் உலர்த்துகிற ஸ்டோருக்குப் பக்கத்தில் உன் ஜீப்பு நின்றால் ஆயில் சொட்டும். அந்த மலையாளத்து மேனேஜர் தினமும் விரட்டுவார். "ஜெயபாலே, வண்டி அங்ஙோட்டு மாத்து! ஓயிலின்றெ மணம் காயில பிடிக்கும், கேட்டோ?" அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஏலக்காய் பக்கத்தில் எது இருந்தாலும் அதன் வாசத்தை இழுத்துக்கொள்ளும், ஏலத்தில் ஒருத்தன் மோந்து பார்த்து முகத்தைச் சுளித்தால் மூட்டையே போச்சு. நீ என்னிடம் வந்து, "ஒரு சொட்டு ஒழுகக் கூடாது மச்சான், வெடியக்காலம் ட்ரிப் இருக்கு" என்றாய். சம்ப்புக்கும் எஞ்சினுக்கும் இடையில் வைக்கக் கையில் புது கேஸ்கெட் இல்லை. பழசையே வைத்து, பேஸ்ட்டைத் தோசைக்கு மாவு ஊற்றுவது போல அள்ளி ஊற்றி இறுக்கினேன். வெளியே பிதுங்கியதைத் துடைத்தேன். அதே அளவு உள்ளேயும் பிதுங்கியிருக்கும் என்று இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை. சூட்டு ஆயிலில் அது துண்டு துண்டாகப் பிய்ந்து சல்லடைக்கு வந்துவிட்டது. ரேஸ் கொடுத்தால் உறிஞ்சலில் போய் ஒட்டும், நிறுத்தினால் விழுந்துவிடும். அவ்வளவுதான் சங்கதி.

மனசு கேட்காமல் பேரிங்குகளையும் கழற்றிப் பார்த்தேன். பளபளவென்று இருந்தன. உன் ஓட்டுதலில் ஒரு குற்றம் சொல்ல முடியாது மாப்ளே. சல்லடையை டீசலில் கழுவி, புது கேஸ்கெட் போட்டு, ஆயிலும் பில்டரும் மாற்றி, ஸ்டார்ட் செய்து ரேஸ் கொடுத்தேன். முள் ஏறியது. நான் பட்டறை மண்ணிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமெல்லாம் படவில்லை.

மூட்டை தூக்கப் போகாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்திருந்தால் நீ இன்னும் இருந்திருப்பாயா? டாக்டரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டேன். இருதயம் ரொம்ப நாளாகவே பலவீனம்தான் என்கிறார். அவர் சொல்வது எனக்கு ஆறுதலுக்கா, நிஜமா?

இதை மாரியிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் தவித்தேன். என் பேச்சை நம்பி அவளும்தானே உன்னை ஏசினாள்? 'ரிப்பேர் சரியாச்சு' என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் வாசல்படி ஏறியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

பூண்டு உரித்துக்கொண்டிருந்தவள் கை நின்றுபோனது. "அப்ப... சாகுற வரைக்கும் தாந்தேன் வண்டியக் கெடுத்துட்டோம்னு நெனச்சுக்கிட்டேல்லண்ணே போயிருக்காரு?" என்றாள். நான் தலையைத் தொங்கப்போட்டேன். "நானுமுல்ல அந்த மனுசனப் பேசாத பேச்செல்லாம் பேசினேன்" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் பட்டறைக்கு வந்து நின்றாள். "அண்ணே, எங்கன வச்சு அவரச் சொன்னியோ, அங்கனயே வச்சு இதையும் சொல்லு. வண்டிய விக்க வேணாம். பொம்பளையாளுகளை ஏத்திக்கிட்டு நீயே மேல போ." அவ்வளவுதான் பேச்சு, திரும்பிப் போய்விட்டாள்.

மறுநாள் விடிகாலை ஸ்டாண்டில் உன் ஜீப்பைக் கொண்டுபோய் நிறுத்தினேன். அதே டிரைவர்கள், அதே பொம்பளைகள். இறங்கி, அன்று நான் நின்ற இடத்திலேயே போய் நின்றேன் மாப்ளே. "ஜெயபாலு இந்த எஞ்சினக் கெடுக்கல. அவன் மேல பழியப் போட்டேன். கெடுத்தது என் கை" என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

சிலமலைக்காரி பேச்சியம்மா, உன் முன் சீட்டில் வருசக்கணக்காக வந்தவள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இத அவன் இருக்கையில சொல்லியிருந்தா ஒரு வாய்ச் சோறு நிம்மதியாத் தின்னுட்டுப் போயிருப்பான்ல" என்றாள். பிறகு தூக்குவாளியை உள்ளே வைத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "ம், எடு. வெரசாப் போகணும், சோலி கெடக்கு."

கொண்டை ஊசி வளைவு முழுக்க முள் இறங்கவே இல்லை.

பேச்சியம்மா சொன்ன அந்த ஒரு வாய்ச் சோற்றை இனி உனக்குத் தர முடியாது. ஒன்று மட்டும் உனக்குச் சத்தியம் செய்து தருகிறேன். தேவாரம் ஊரிலோ போடியிலோ மேலே எஸ்டேட்டிலோ, உன் பேச்சை யார் எடுத்தாலும், கேட்டாலும் கேட்காவிட்டாலும், நடந்ததை முதலில் இருந்து சொல்வேன். என் வாயால் போன உன் பேர், என் வாயாலேயே திரும்பி வரட்டும்.

இப்படிக்கு,
உன் பொண்டாட்டியின் அண்ணன், உன் மச்சான்
தங்கராசு