ஆரணி – தவாங், மூன்று மணி நேரம்

ஐப்பசி 12, செவ்வாய்

அம்மாவுக்குக் கொள்ளி வைப்பது இளைய மகனின் உரிமை. நேற்றுக் காலை அம்மா இறந்ததும், அருணாசலப் பிரதேச மலையில், தவாங்கில் வேலை பார்க்கும் தம்பி போனில் கெஞ்சினான்: "நாளைக்கி வந்துடுவேன், அதுக்குள்ள எடுத்துடாதண்ணா."

ஆரணியிலிருந்து தவாங்குக்கு விமானத்தில் மூன்று மணி நேரம் என்று இணையத்தில் போட்டிருந்தது. அதைப் பங்காளிகளிடம் காட்டினேன். "மூணு மணி நேரத்துல வர்றவனுக்கு நாளைக்கி எதுக்குங்க? மனசு இல்ல, அவ்ளோதான்" என்றேன். நானே கொள்ளி வைத்தேன்.

ஆரணியில் ஏது விமான நிலையம்? எனக்குத் தெரியாதா? வீட்டைப் பங்கு போட்டபோது அவன் மேல் வந்த கோபம் கண்ணை மறைத்தது.

இன்று சாயங்காலம் வந்தான். ராத்திரியெல்லாம் மலைப்பாதையில் ஜீப், பிறகு விமானம், சென்னையிலிருந்து பஸ். மழித்திருந்த என் தலையைப் பார்த்தான். சண்டை போடவில்லை.

"மூஞ்சியாச்சும் போட்டோ புடிச்சி வெச்சியாண்ணா?"

பிடிக்கவில்லை.