மூதூருக்குப் பதினைந்தாம் நிலை

15 செப்டம்பர், திங்கள்

கச்சான் காற்று. யன்னல் பூட்டியும் மேசையெல்லாம் மணல். கொழும்புத் தலைமை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல். மீன் கம்பெனியின் எல்லா ரவுட்டர்களிலும் பயனர் கணக்குகளைத் துப்புரவாக்கி வெள்ளிக்குள் அறிக்கை அனுப்ப வேண்டுமாம். போனவர்களின் கணக்கு அழிபட வேண்டும். இருப்பவர்களுக்கு வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும்.

மொத்தம் ஆறு ரவுட்டர். துறைமுகக் குளிர்களஞ்சியத்தில் இரண்டு. நிலாவெளி, கிண்ணியா, மூதூர் கொள்வனவு நிலையங்களில் ஒவ்வொன்று. என் முதுகுக்குப் பின்னால் ஒன்று.

போனவர்கள்:
சிவனேசன் – கனடா
மாலினி – கலியாணம், மட்டக்களப்பு
மற்ற இருவர் – கொழும்புக்கு மாற்றம்
மிச்சம்: நான்.

மு.ப. 8.30க்கு வழமைபோல் போனில் ரமீஸ். மூதூரில் தராசுக்குப் பொறுப்பு. என் வயதுதான் இருக்கும், மூன்று பெண் பிள்ளைகள். தராசுக் கணினி கொளுவியிருக்கும் மூன்றாவது போர்ட் அடிக்கடி உறைந்துபோகும். ஒருமுறை நிறுத்திப் போட்டால் சரி. ஆனால் அவருடைய கணக்கு முதலாம் நிலை. பார்க்கலாம், தொட முடியாது. எல்லாம் செய்யக்கூடிய பதினைந்தாம் நிலை என்னிடம் மட்டும். ஆகவே எனக்கு எடுத்தே ஆக வேண்டும். வேலை ஒரு நிமிடம், கதை பத்து நிமிடம். இன்று மூத்த மகளின் சாதாரண தரப் பரீட்சை, சூடை மீன் வரவு, என் பல்வலி.

மூதூருக்கு நிலை உயர்த்தலாமா என்று கொழும்பு முன்பே இரண்டு தரம் கேட்டது. இரண்டு தரமும் "அவசியமில்லை, பாதுகாப்புக் காரணம்" என்று எழுதினேன். இதை யாரும் வாசிக்கப் போவதில்லை, உள்ளதை எழுதலாம். கொடுத்தால் அவர் எடுக்க மாட்டார். வேறு யாரும் எனக்கு எடுப்பதில்லை.

சமையல் காஸ் முடிகிறது. பப்பாசி வாங்க.

16, செவ்வாய்

பல் பிடுங்கியாயிற்று. ஆஸ்பத்திரி வரிசை பெரிது, வெளியே வர 12. போன் சத்தமில்லாமல் கைப்பைக்குள் கிடந்தது. ஐந்து மிஸ்ட் கோல், ஐந்தும் ரமீஸ். 9.10 முதல் 9.35 வரை.

தராசு நின்றால் எடைத் துண்டு வராது. துண்டு இல்லாமல் மீனைக் குளிரறைக்குள் ஏற்ற மாட்டார்கள். இந்த வெயிலில் இரண்டு மணித்தியாலம் கிடந்தால் கருவாட்டுக்கும் உதவாது. நான் இல்லாவிட்டால் மூதூர் நின்றுபோகும், அப்படி வைத்திருப்பதும் நான். வாயில் பஞ்சோடு எடுத்தேன். போர்ட் தானாக வந்துவிட்டதாம். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வர உப்புவெளி பஸ்ஸில் இருக்கை இல்லை. பின்னால் ஒருத்தி போனில்: "நான் செத்தாத்தான் வருவியோ, இல்ல அதுக்கும் லீவு இல்லையோ?" சிரிப்பு வந்தது, வாய் திறக்க முடியவில்லை.

17, புதன்

கன்னம் வீக்கம். கஞ்சி.

ஐந்து ரவுட்டர் முடிந்தது. மாலினியை அழிக்கும்போது கொஞ்சம் கஷ்டமாக இருந்தது, நல்ல பிள்ளை. கடைசியாக மூதூர். அழிக்குமுன் பதிவைப் பார்ப்பது என் வழக்கம்.

சிவனேசன். பதினைந்தாம் நிலை. கடைசி நுழைவு: நேற்று, மு.ப. 9.38. மூன்றாம் போர்ட் நிறுத்தம். தொடக்கம். வெளியேற்றம்.

சிவனேசன் கனடா போய் இரண்டு வருடம். நேற்று அந்த நேரம் போர்வைக்குள் கிடந்திருப்பார். நுழைந்தது மூதூர் தராசு மேசையிலிருந்து.

பழைய பதிவு முழுவதும் தேடினேன். இரண்டு வருடத்தில் இன்னும் ஒரே ஒரு தரம், நான் காய்ச்சலில் வராத நாள். ஆக, சாவி ரமீஸிடம் இருந்திருக்கிறது. மற்றக் காலைகளிலெல்லாம் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் கதவைத் தட்டியிருக்கிறார்.

அதற்குப் பிறகு வேலை ஓடவில்லை. சந்தோஷமாக இருந்தது. நாளைய கோலுக்காக இரவே சேலை எடுத்து வைத்தேன். போனில் சேலை தெரியுமா, விசரி.

18, வியாழன்

அறிக்கைப் படிவத்தில் ஒரு கட்டம்: பிறர் கணக்கு பயன்படுத்தப்பட்டதா, யாரால்? எழுதினால் அவர் வேலைக்கு ஆபத்து. எழுதாமல் விட்டால் என் வேலைக்கு.

8.30க்கு எடுத்தார். கேட்டேன். மறைக்கவில்லை. சிவனேசன் போகும்போது பாஸ்வேர்டை ரவுட்டர் பெட்டிக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டுப் போனாராம், அவசரத்துக்கு.

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் எனக்கு எடுத்தனீங்கள்?"

"சிவனேசண்ணன்தான் சொல்லிட்டுப் போனாரு மிஸ். அந்த மிஸ் இனித் தனிய இரிப்பா, காலைல ஒருக்கா எடுத்துக் கதைங்க எண்டு."

சரி என்றேன். வைத்துவிட்டேன்.

முகமெல்லாம் சூடு. இரண்டு வருடமாக ஒரு ஏற்பாடு. டொக்டர் எழுதிக் கொடுத்த குளிசை மாதிரி, நாளுக்கு ஒன்று, காலையில். நான் என்ன பாவப்பட்ட பிறவி என்று கழுத்தில் பலகையா மாட்டியிருக்கிறேன்?

சிவனேசனின் கணக்கை அழித்தேன். ரமீஸைப் பதினைந்தாம் நிலைக்கு உயர்த்தினேன். எஸ்.எம்.எஸ்.: "உங்களுக்கு முழு அனுமதி தந்தாச்சு. இனி எனக்கு எடுக்கத் தேவையில்லை."

அனுப்பியபின் நாலு தரம் வாசித்தேன். பதில் இல்லை.

19, வெள்ளி

அறிக்கை போயிற்று. அந்தக் கட்டத்தில்: "ஆம். மூதூர் தராசுப் பொறுப்பாளர், இரண்டு தடவை, நான் தொடர்பில் இல்லாதபோது. அவருக்கு வேண்டிய அனுமதியைக் காரணமில்லாமல் மறுத்து வந்தவர் நான். தவறு என்னுடையது." மூன்று தரம் அழித்து எழுதினேன்.

8.30. கோல் இல்லை. பதிவில்: 8.27, ரமீஸ், மூன்றாம் போர்ட் நிறுத்தம், தொடக்கம். சுத்தமான வேலை.

வாசலில் தெருவில் திரியும் மான் இரண்டு, மட்டைப்பெட்டி தின்றுகொண்டு நின்றன. விரட்டவில்லை.

இன்று வாயால் பேசியது: கண்டக்டரிடம் "உப்புவெளி".

20, 21

காஸ் வந்தது. உடுப்புத் தோய்த்தேன். பல் இருந்த இடத்தில் நாக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.

22, திங்கள்

கொழும்பின் பதில், ஒரு வரி: அறிக்கை கிடைத்தது, நன்றி. ஏசக்கூட இல்லை. ரமீஸுக்கு ஒன்றும் வராது, அது போதும். ஆனால் மூன்று தரம் அழித்து எழுதியதை யாரும் வாசிக்கவில்லை.

8.26, பதிவில் அவர் பெயர். 8.30. 8.40.

யோசித்துப் பார்த்தேன். எடுக்கச் சொன்னது சிவனேசன், சரி. மகளின் பரீட்சையைச் சொல்லச் சொன்னதும் அவரா? உப்புத் தண்ணீரும் அவரா? ஒரு நிமிடம் கதைத்தாலும் கடமை முடிந்திருக்குமே. பத்து நிமிடத்துக்கு யார் சொன்னது?

9.05க்கு எடுத்தேன். வேலை ஒன்றும் இல்லாமல் எடுப்பது இதுதான் முதல் தரம்.

"என்ன மிஸ், ரவுட்டர்ல ஏதும் பிழையா?"

பிழையொன்றும் இல்லை என்றேன். பிறகு ஒரு காரணம் தேடினேன். அகப்படவில்லை.

"தனிய இருக்கிறன் ரமீஸ். அதுதான் எடுத்தனான்."

அந்தப் பக்கம் யாரோ எடை கூவிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் இரிங்க மிஸ். இங்க ஒரே சத்தம். வெளிய வந்து கதைக்கிறன்."