கிள்ளான் கீரையும் என் கீரையும்

பிரிக்பீல்ட்ஸ்,
9-6-1936

அன்பு மகள் சீதாலெட்சுமிக்கு அம்மா எழுதிக்கொண்டது. முருகன் புண்ணியத்தில் அப்பாவும் நானும் சுகம், அந்தக் குளிர் மலையில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டும். உன் கடிதத்தை நாலு தரம் படித்தேன், நாலு தரமும் ஒரே இடத்தில்தான் வயிறு எரிந்தது. கேமரன் மலையில் முருங்கை வராதென்று ஐந்து மாதமாய்க் கீரை உலர்த்தி அனுப்புகிறவள் நான். பொழுது சாய்ந்தால் கண் தெரியவில்லை, பக்கத்திலிருக்கும் செம்பைக்கூடத் தடவித்தான் எடுக்கிறேன் என்று நீ எழுதியபோது சோறு இறங்காமல் கிடந்தவளும் நான். கிள்ளானிலிருந்து உன் மாமியார் ஒரே ஒரு டின் அனுப்பினாராம், அதற்கே அத்தை கீரை பச்சைப் பசேலென்று இருக்கிறது, மூன்று வாரமாய்ப் போட்டதில் கண் தெளிகிறது, உன் கீரை வைக்கோல் மாதிரி இருக்கிறதம்மா என்று எழுதிவிட்டாய். வைக்கோலாடி? உனக்குப் பொறாமை என்று அப்பா சிரித்தார். பொறாமைதான், அதற்கென்ன இப்போது?

நேரே ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் கபிரியேலிடம் போனேன். எப்படிக் காயவைப்பீர்கள் என்று கேட்டார். காலையில் பறித்துத் தகரக் கூரையில் போட்டால் மத்தியானத்துக்குள் மொறுமொறுவென்று ஆகிவிடும், இந்த லைன் வீடுகளில் என்னைப்போல் யார் காயவைப்பார் என்று பெருமையாய்ச் சொன்னேன். அட என்னக்கா, கண்ணுக்கு வேண்டிய சத்தே அந்த வெயில்ல போயிருதே, நிழல்ல காத்தாடப் போடுங்க என்று தலையில் அடித்துக்கொண்டார். ஐந்து மாதமாய் உன் கண்ணை நானே கூரையில் போட்டுக் காயவைத்திருக்கிறேன் சீதா. அன்றைக்கே அறைக்குள் வேட்டி விரித்துப் புதுக்கீரை போட்டேன்.

அப்படியும் மனசு கேட்கவில்லை. பேரப்பிள்ளைக்குத் துணி வாங்க வந்தேன் என்று பொய் சொல்லிக்கொண்டு கிள்ளானுக்கு ரயிலேறினேன். உன் மாமியார் இராஜம்மா வீட்டிலும் கட்டில்மேல் வெள்ளை வேட்டி, மெல்லிசாய்ப் பரப்பிய கீரை, பாதி சாத்திய ஜன்னல். அவர் ஒளித்து வைத்திருந்தால் சண்டை போட்டுவிட்டு வந்திருப்பேன். ஒண்ணுமேல ஒண்ணு விழாமப் போடுங்க சம்பந்தியம்மா, ஒரு நாளைக்கு ரெண்டு தரம் கிளறிவிடுங்க என்று எல்லாவற்றையும் சொல்லி, உனக்கு அனுப்ப ஒரு டின்னையும் என் கையிலேயே கொடுத்தார். திரும்பும் வழியில் பத்து தீகா என்கிற ஸ்டேஷன் தாண்டும்போது அதை ஜன்னல் வழியே வீசிவிடலாமா என்று கை போனது, பொய் சொல்வானேன். உன் கண்ணை நினைத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் கீரையையும் நிழலில் காய்ந்த என் கீரையையும் ஒரே டின்னில் கொட்டிக் கலந்துவிட்டேன். எது யாருடையதென்று எனக்கே தெரியாது, இனி நீ எப்படி ஒப்பிட்டு எழுதுகிறாய் பார்க்கிறேன். நான் முன்னே அனுப்பிய பழைய கீரையைக் கொட்டிவிடு. இதைக் குழம்பு இறக்கும்போது போடு, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டுக்கொள். டின்னை வெளிச்சத்தில் வைக்காதே. பொழுது சாய்ந்தபின் தனியாய் வெளியே போகாதே, மாப்பிள்ளையைக் கூப்பிடு.

தீர்க்காயுசாய் இரு மகளே. பிள்ளை இருட்டின பிறகு பிறந்தாலும் அதன் முகம் உனக்குத் தெரிய வேண்டும். கண் நன்றாய்த் தெளிந்ததும் உடனே எழுது. யார் கீரையால் தெளிந்தது என்பதை மட்டும் எழுதாதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா
பவுனம்மாள்