கட்டில் பங்காளி

அன்புள்ள அக்கா,

தனியா இருக்கியே, வேளைக்குச் சாப்பிடுறியா? நான் நல்லாத்தான் இருக்கேன்.

போன வாரம் ஒரு கூத்து. மூட்டை தூக்கி இடுப்பு பிடிச்சுக்கிச்சு. கம்பெனி டாக்டர் கொடுத்த வலி மாத்திரையோட, நீ அனுப்பின உன் தூக்க மாத்திரையையும் போட்டுக்கிட்டேன். இங்க ஒரு கட்டில்ல ஷிப்டு மாத்தி ரெண்டு பேர் படுக்கிறோம். வேலை முடிஞ்சு வந்த கட்டில் பங்காளி, "எந்திரிடா, என் முறை"ன்னு உலுக்கினா, உதடு நீலமாகி மூச்சு இழுத்துக்கிட்டுக் கிடந்தேனாம். அந்த வலி மாத்திரை அபின் வகை மருந்து, தூக்க மாத்திரையோட சேர்ந்தா மூச்சே நின்னுடும்னு ஆஸ்பத்திரியில திட்டினாங்க.

வலி மாத்திரையை விட்டா மூட்டை தூக்க முடியாது. ஊருக்கு வரலாம்னா பாஸ்போர்ட் மேனேஜர் பீரோவுல இருக்கு. தூக்க மாத்திரை இனி அனுப்பாதே. நீளமா கடிதம் போடு, படிச்சுக்கிட்டே தூங்கிடுறேன்.

உன் முட்டி வலிக்குத் தர்ற மாத்திரையும் அந்த வகையா, தூக்க மாத்திரையோட போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளு. உன்னை எழுப்ப, கட்டில் கேட்டு யாரும் வர மாட்டாங்க அக்கா.

பங்காளி வந்துட்டான், இறங்குறேன்.

உன் தம்பி